இயந்திரங்களின் வருகைப் பதிவு

காலை மணி அடித்ததும் உங்கள் வகுப்பாசிரியர் வருகைப் பதிவேட்டைத் திறக்கிறார். “ஒன்று” என்கிறார். “உள்ளேன் ஐயா” என்று பதில் வருகிறது. “இரண்டு”, “மூன்று” என்று வரிசை தொடர்கிறது. ஒரு பெயருக்கு 2 விநாடி என்றால், 40 மாணவர்களுக்கு 80 விநாடி ஆகும்.

17-ஆம் எண் மாணவன் ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டிருக்கிறான் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஆசிரியர் மூன்று முறை அழைத்துக் காத்திருக்கிறார். அவன் ஒருவனால் மற்ற எல்லாரும் காத்திருக்க வேண்டியதாகிறது. தன் எண் வரும்வரை யாரும் வாய் திறக்கக் கூடாது என்பதும் அவ்வகுப்பின் விதி. 38-ஆம் எண் மாணவனுக்குத் தலை சுற்றினால்கூட அவன் தன் முறை வரும்வரை பொறுத்திருக்கத்தான் வேண்டும்!

வகுப்பறையில் இப்படி ஒரு விதி இருந்தால் நமக்குச் சிரிப்பு வரும். ஆனால், உலகெங்கும் பல்லாயிரம் தொழிற்சாலைகளில் இயந்திரங்கள் இந்த விதிப்படிதான் பேசிக்கொள்கின்றன.

மோட்பஸ் என்னும் மொழி

1979-ஆம் ஆண்டில் அமெரிக்காவின் மோடிகான் நிறுவனம் தன் கட்டுப்பாட்டுக் கருவிகளுக்காக மோட்பஸ் என்னும் பேச்சு முறையை வெளியிட்டது. அது எளிமையானது, யாரும் பயன்படுத்தலாம். ஆகவே இன்றும் அது வழக்கில் இருக்கிறது.

இதில் ஒரு தலைமைக் கருவி உண்டு. அதுதான் நம் ஆசிரியர். மற்றக் கருவிகளுக்கு 1 முதல் 247 வரை எண்கள் கொடுக்கலாம். தலைமைக் கருவி ஓர் எண்ணை அழைத்து, “உன்னிடம் உள்ள அளவுகளைச் சொல்” என்று கேட்கும். அழைக்கப்பட்ட கருவி மட்டும் பதில் சொல்லும்.

இந்தப் பேச்சு பெரும்பாலும் ஆர்.எஸ்.-485 என்னும் முறையில், முறுக்கிய இரட்டைக் கம்பி வழியே செல்கிறது. கம்பி சுமார் 1,200 மீட்டர் வரை நீளலாம். வழக்கமான கருவிகளானால் ஒரே கம்பியில் 32 வரை இணைக்கலாம்.

‘32 இணைக்கலாம் என்றால் 30 இணைப்பதில் என்ன தடை?’ என்று நீங்கள் கேட்கலாம். இணைக்க முடியும் என்பது வேறு, இணைத்தால் போதிய விரைவில் வேலை நடக்கும் என்பது வேறு. வாருங்கள், கணக்குப் போட்டுப் பார்ப்போம்.

ஒரு கேள்வி, ஒரு பதில்

ஒரு குடிநீர் நிலையத்தை எடுத்துக்கொள்வோம். பம்புகள், தொட்டிகள், குழாய்கள் ஆகியவற்றில் 30 அளவுக் கருவிகள் உள்ளன. ஒவ்வொன்றிடமிருந்தும் 10 அளவுகள் வேண்டும். வால்வு திடீரென்று மூடிக்கொண்டால் குழாயில் அழுத்தம் ஏறும். ஆகவே எந்தக் கருவியின் செய்தியும் 1 விநாடிக்குள் வந்து சேரவேண்டும் என்கிறார் பொறியாளர்.

தலைமைக் கருவியின் கேள்வியில் 8 எழுத்துகள் உண்டு. பதிலில், ஓர் அளவுக்கு இரண்டு எழுத்து வீதம் 20 எழுத்துகளும், முகவரி, சரிபார்ப்பு போன்றவற்றிற்கு 5 எழுத்துகளும் சேர்ந்து 25 ஆகும். மொத்தம் 33 எழுத்துகள்.

ஓர் எழுத்தை அனுப்ப 11 பிட்டுகள் தேவை: தொடக்கக் குறி 1, செய்தி 8, பிழை காட்டும் குறி 1, முடிவுக் குறி 1. எனவே 33 × 11 = 363 பிட்டுகள். கம்பியின் வேகம் விநாடிக்கு 9,600 பிட் என்றால், இதற்கு ஏறத்தாழ 38 மில்லி விநாடி ஆகிறது.

இத்துடன் முடிந்ததா? இல்லை. ஒரு செய்தி முடிந்தது என்று தெரிவதற்காக, மூன்றரை எழுத்து நேரம் கம்பி மௌனமாக இருக்க வேண்டும் என்பது மோட்பஸ் விதி. கேள்விக்குப் பின் ஒன்று, பதிலுக்குப் பின் ஒன்று ஆக இரண்டு மௌனங்களுக்கு 8 மில்லி விநாடி. கருவி யோசித்துப் பதிலைத் தயாரிக்க 14 மில்லி விநாடி என்று கொள்வோம்.

38 + 8 + 14 = 60 மில்லி விநாடி.

30 கருவிகளுக்கு 1,800 மில்லி விநாடி, அதாவது 1.8 விநாடி. பொறியாளர் கேட்டதோ 1 விநாடி!

கெட்ட நாளின் கணக்கு

இதுவரை போட்டது எல்லாம் ஒழுங்காக நடக்கும் நாளின் கணக்கு. இடி இடித்து, ஒரே மின்பெட்டியிலிருந்து மின்சாரம் பெறும் மூன்று கருவிகள் நின்றுவிட்டன என்று வைத்துக்கொள்வோம். தலைமைக் கருவி பதிலுக்காக 1 விநாடி காத்திருக்கிறது. வரவில்லை என்றால் மறுபடி கேட்கிறது. மொத்தம் மூன்று முறை கேட்டுவிட்டுத்தான் அடுத்த கருவிக்குப் போகிறது.

நின்றுபோன ஒவ்வொன்றுக்கும் 3 விநாடி. மூன்றுக்கும் 9 விநாடி. மற்ற 27 கருவிகளுக்கு 1.62 விநாடி. ஒரு சுற்று முடிய 10 விநாடிக்கு மேல் ஆகிவிடும்! அழுத்தமானி நன்றாகத்தான் வேலை செய்கிறது. ஆனால் அதை யாரும் கேட்கவில்லை.

விபரீதம் நேரும் வாய்ப்பு நல்ல நாளைவிட இடி இடிக்கும் நாளில்தான் அதிகம். ஆகவே பிணையத்தின் கொள்ளளவைக் கெட்ட நாளை மனத்தில் வைத்தே கணக்கிட வேண்டும்.

பரிகாரம் என்ன?

வேகத்தை இரட்டிப்பாக்கி 19,200 ஆக்குவோம். நேரம் பாதியாகிவிடும் என்று நினைக்கிறீர்களா? எழுத்துகளுக்கு 19, மௌனத்துக்கு 4 என்று இவை பாதியாகும். ஆனால் கருவி யோசிக்கும் 14 மில்லி விநாடி குறையாது. மொத்தம் 37 மில்லி விநாடி. 30 கருவிகளுக்கு 1.1 விநாடி. இன்னும் போதவில்லை.

அடுத்து, 30 கருவிகளையும் பத்துப் பத்தாக மூன்று கம்பிகளில் பிரிப்போம். காத்திருக்கும் நேரத்தை 200 மில்லி விநாடியாகக் குறைத்து, ஒரு சுற்றில் ஒரு முறை மட்டும் கேட்கச் செய்வோம். நல்ல நாளில் ஒரு சுற்று 0.37 விநாடி. மூன்று கருவிகளும் ஒரே கம்பியில் நின்றுபோனாலும், 7 கருவிகளுக்கு 0.26, காத்திருப்புக்கு 0.61, ஆக 0.87 விநாடி. இப்போது கெட்ட நாளிலும் பொறியாளரின் நிபந்தனை நிறைவேறுகிறது.

இன்னொரு வழியும் உண்டு. தண்ணீரின் வெப்பநிலை விநாடிக்கு விநாடி மாறுவதில்லை. அதை நிமிடத்துக்கு ஒரு முறை கேட்டால் போதும். மிச்சமாகும் நேரத்தை அழுத்தமானிக்குக் கொடுக்கலாம்.

கம்பி காலி, கருவி நிறைவு

இப்போது பல தொழிற்சாலைகளில் ஈதர்நெட் பிணையம் வந்துவிட்டது. ஒரே நேரத்தில் பலர் பேசலாம். அப்படியானால் கணக்கே வேண்டாமா? வேண்டும்; ஆனால் அது இரு கேள்விகளாக மாறுகிறது.

முதல் கேள்வி: எத்தனை நாற்காலிகள்? ஒரு கட்டுப்பாட்டுக் கருவி ஒரே சமயத்தில் 16 இணைப்புகளை ஏற்கும் என்று கொள்வோம். காட்சித் திரைகள் 4, பக்கத்துக் கருவிகள் 9, பதிவுக் கணினி 1 என்று 14 இடங்கள் நிரம்பிவிட்டன. பழுது பார்ப்பவர் தம் கணினியை இணைக்கிறார்; பின்பு முறைப்படி விடைபெறாமல் கம்பியைப் பிடுங்கிவிடுகிறார். ஆள் போய்விட்டாலும், கருவி அதைக் கண்டுகொள்ளும்வரை அந்த இடம் காலியாவதில்லை. இப்படி இரண்டு முறை நடந்தால் 16-உம் நிறைந்துவிடும். அடுத்து வருபவருக்கு இடமில்லை.

இரண்டாம் கேள்வி: விநாடிக்கு எத்தனை செய்திகள்? 40 இணைப்புகள், ஒவ்வொன்றிலும் 20 மில்லி விநாடிக்கு ஒரு முறை போக ஒன்று, வர ஒன்று என்றால், 40 × 2 × 50 = 4,000 செய்திகள். ஒரு செய்தி 800 பிட் என்றால் 32 லட்சம் பிட். விநாடிக்கு 10 கோடி பிட் செல்லும் கம்பியில் இது நூற்றில் மூன்று பங்குதான்! ஆனால் கம்பியின் முனையிலுள்ள கருவி விநாடிக்கு 5,000 செய்திகளையே கையாளும் என்றால், அதன் திறனில் ஐந்தில் நான்கு பங்கு ஏற்கெனவே செலவாகிவிட்டது. ‘கம்பிதான் காலியாக இருக்கிறதே’ என்று எண்ணி 20-ஐ 10 ஆக்கினால், 8,000 செய்திகள் வந்து குவியும், கருவி திணறிப்போகும்.

இதனால்தான் ஆபத்துக் காலத்தில் இயந்திரத்தை நிறுத்தும் சிவப்புப் பொத்தானை இத்தகைய சாதாரணப் பேச்சு முறையை நம்பி விடுவதில்லை. அதற்குத் தனிக் கம்பியோ, பாதுகாப்புக்கென்றே வகுத்த பேச்சு முறையோ அமைப்பார்கள்.

நீங்களே செய்து பாருங்கள்

ஒரே கம்பியில் 24 கருவிகள், ஒவ்வொன்றிலும் 5 அளவுகள், வேகம் 9,600, யோசிக்கும் நேரம் 14 மில்லி விநாடி. ஒரு சுற்றுக்கு எவ்வளவு நேரம்? ஒரு கருவி நின்றுபோய், அதற்காக அரை விநாடி ஒரு முறை மட்டும் காத்திருந்தால் எவ்வளவு?

(விடை: ஏறத்தாழ 1.2 விநாடி, 1.6 விநாடி.)