முதலாளிக்கும் பேர் போடுவோம்



காலையில் பெரட்டுக்களத்தில் நின்று, மலைக்குப் போய், கொழுந்து நிறுத்து முடிந்த பிறகுதான் அன்றைக்கு நமக்கு முழுப்பேரா அரைப்பேரா என்பது தெரிகிறது. தலைமுறை தலைமுறையாக நமக்குப் பேர் போடுகிறவர்கள் இருக்கிறார்கள். ஆனால் நமக்கு வேலை கொடுக்கிறவருக்கு யார் பேர் போடுவது? அவர் முழுப்பேருக்கு உரியவரா, அரைப்பேருக்கு உரியவரா என்று நாம் கணக்குப் பார்த்தது உண்டா? இம்மாதப் பாடம் இதைப் பற்றியதாகும்.

இந்தப் பாடம் இப்போது அவசியமானது. நமது பிள்ளைகள் பலர் தோட்டத்துக்கு வெளியே வேலை தேடிப் போகிறார்கள். கொழும்புக் கடைகளுக்குப் போகிறார்கள், ஆடைத் தொழிற்சாலைகளுக்குப் போகிறார்கள், கரையோர ஹோட்டல்களுக்கும் போகிறார்கள். பிள்ளை புறப்படும்போது நாம் கேட்பது இரண்டே கேள்விதான். “சம்பளம் எவ்வளவு?” “சாப்பாடு, தங்க இடம் குடுப்பாங்களா?” இந்த இரண்டும் தேவையான கேள்விகளே. ஆனால் இவை மட்டும் போதாது.

அன்றைய துண்டு

நமது பாட்டன் பூட்டன் காலத்தில் ‘துண்டு’ என்று ஒன்று இருந்தது. தொழிலாளியின் கடன் எவ்வளவு என்று எழுதிய சீட்டு அது. அந்தக் கடனை அடைக்க இன்னொரு தோட்டம் முன்வந்தால்தான் அவர் இடம் மாறலாம். நல்ல துரை யார், கெட்ட துரை யார் என்று தெரிந்திருந்தாலும் கால் எடுத்து வைக்க வழியில்லை. 1921இல் இந்தத் துண்டு முறை சட்டத்தால் ஒழிக்கப்பட்டது.

இன்று நம் பிள்ளைக்கு வேலையைத் தேர்ந்தெடுக்கும் சுதந்திரம் உண்டு. ஆனால் தேர்ந்தெடுக்கத் தெரியாதவருக்கு அந்தச் சுதந்திரத்தால் பாதிப் பயன்தான். அன்று தொழிலாளியைக் கட்டிப்போட்டதும் ஒரு காகிதம். இன்று அவரைக் காப்பாற்றுவதும் காகிதம்தான். நியமனக் கடிதம், சம்பளச் சீட்டு, சேமலாப நிதி இலக்கம், பயிற்சிச் சான்றிதழ் என்பவையே அந்தக் காகிதங்கள்.

ஆலங்குடாவைப் பார்ப்போம்

பலவிதமான முதலாளிமாரை ஒரே இடத்தில் பார்க்க வேண்டுமானால் புத்தளம் மாவட்டத்துக்கு வாருங்கள். பாலாவிச் சந்தியில் பிரியும் கற்பிட்டி வீதியில் போனால், குடாநாட்டின் மேற்குக் கரையில், நுரைச்சோலைக்கு அருகே ஆலங்குடா இருக்கிறது. மணல் பூமி. ஒரு பக்கம் மீன்பிடி வாடிகளும் கருவாடும். இன்னொரு பக்கம் வெங்காயம், மிளகாய், மரக்கறித் தோட்டங்கள். 1990 ஒக்டோபரில் விடுதலைப் புலிகளால் வடக்கிலிருந்து வெளியேற்றப்பட்ட முஸ்லிம் குடும்பங்களில் பெருந்தொகையானோர் புத்தளம் மாவட்டத்தில் தஞ்சமடைந்தார்கள். ஆலங்குடாவிலும் முகாம்கள் எழுந்தன. கையில் ஒன்றுமில்லாமல் வந்தவர்கள் நாட்கூலிக்குப் போனார்கள்.

பின்னர் பெரிய வேலைகள் வந்தன. நுரைச்சோலை அனல் மின்நிலையத்தின் கட்டுமானம் 2006இல் தொடங்கியது. முதலாவது பிரிவு 2011இல் இயங்கியது. 2014இல் மூன்று பிரிவுகளும் சேர்ந்து 900 மெகாவாட் ஆனது. ஆலங்குடாக் கடற்கரையில் உல்லாசப் பயணிகளுக்கான விடுதிகள் வந்தன. நவம்பர் முதல் ஏப்ரல் வரை கடல் அமைதியாக இருக்கும். டொல்பின் பார்க்க ஆட்கள் வருவார்கள். அதன் பிறகு கடல் கொந்தளிக்கும். காற்றாடி கட்டி அலையில் ஓடும் விளையாட்டுக்கு வேறு ஆட்கள் வருவார்கள்.

ஆக, படகுக்காரர், தோட்டக்காரர், ஹோட்டல்காரர், அரசாங்கம், ஒப்பந்தக்காரர் என்று ஐந்து வகை முதலாளிகள் அடுத்தடுத்து இருக்கிறார்கள். ஒரு கிராமத்துக்குத் தொழில் வந்துவிட்டது என்பதால் அந்தக் கிராமத்து ஆட்கள் எல்லோரும் முன்னேறிவிட மாட்டார்கள். வெல்டிங், மின்சாரம், சமையல், படகு எஞ்சின் என்று ஏதாவது ஒரு தொழிலைக் கற்று, அதற்குச் சான்றிதழும் வைத்திருப்பவருக்கு வேலை ஒரு படியாகிறது. வெறுங்கையோடு நிற்பவருக்கு அதே இடத்தில் மண் சுமக்கும் வேலைதான் மிஞ்சுகிறது. நம்ம மலையகத்துப் பிள்ளை கரையோரத்துக்குப் போனாலும் இதே கதைதான்.

முழுப்பேர் வாங்க ஐந்து அடையாளங்கள்

நல்ல முதலாளி சிரித்துப் பேசுகிறவர் என்று நினைக்கக் கூடாது. “நம்ம முதலாளி தங்கமான மனுசன், தீபாவளிக்குப் புதுச்சட்டை எடுத்துக் குடுத்தாரு” என்று சொல்வோம். சட்டை நல்லதுதான். அதோடு பின்வரும் ஐந்தையும் பாருங்கள்.

1. எழுத்து. வேலைக்குச் சேர்ந்ததும் நியமனக் கடிதம் தருகிறாரா? பதவி, சம்பளம், வேலை நேரம், லீவு ஆகியவை அதில் இருக்க வேண்டும். பிள்ளைக்கு வாசித்து விளங்கும் மொழியில் இருப்பது நல்லது.

2. நேரம். கடை, ஹோட்டல், காரியாலயம் ஆகியவற்றில் வேலை செய்வோருக்கு 1954ஆம் ஆண்டின் சட்டம் இருக்கிறது. நாளுக்கு 8 மணித்தியாலம், வாரத்துக்கு 45 மணித்தியாலம் என்பது அதன் அளவு. அதற்கு மேல் போனால் ஓவர்டைம் காசு சேர வேண்டும். பல ஹோட்டல்களில் பில்லோடு நூற்றுக்குப் பத்து சர்வீஸ் சார்ஜ் வாங்குகிறார்கள். அது ஊழியர்களுக்கு எப்படிப் பங்கு பிரிக்கப்படுகிறது என்று வெளிப்படையாகச் சொல்கிறாரா என்றும் பாருங்கள்.

3. சேமிப்பு. ஊழியர் சேமலாப நிதிச் சட்டம் 1958இல் வந்தது. நம் சம்பளத்தில் நூற்றுக்கு 8, முதலாளி பங்கு நூற்றுக்கு 12. இதைத் தவிர 1980இல் வந்த ஊழியர் நம்பிக்கை நிதிக்கு முதலாளி மட்டும் நூற்றுக்கு 3 கட்ட வேண்டும். “நீ தற்காலிகம் தானே, உனக்கு ஈ.பி.எப். கிடையாது” என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம். தற்காலிக ஊழியருக்கும் அந்த உரிமை உண்டு.

4. பயிற்சி. ஒரு வருடம் கழித்தும் பிள்ளை பாத்திரம் கழுவிக்கொண்டே இருக்கிறதா, அல்லது சமையலறையில் அடுத்த வேலையைக் கற்றுக்கொடுத்திருக்கிறார்களா? தேசிய தொழிற் தகைமை, அதாவது என்.வி.கியூ. சான்றிதழ் எடுக்க லீவு தருகிறார்களா? இத்தகைமை 1 முதல் 7 வரை படிகளைக் கொண்டது. பாடசாலையில் அதிகம் படிக்காமல் வேலை செய்தே தொழில் பழகியவரும், முன் அனுபவத்தை மதிப்பிடும் முறையில் சோதனைக்குத் தோற்றிச் சான்றிதழ் பெறலாம். நைட்டா எனப்படும் பயிலுநர் அதிகார சபை இதைச் செய்கிறது. தோட்டத்து மேசன், டிரைவர், எலெக்ட்ரீசியன் அண்ணன்மாரும் இதைக் கவனிக்க வேண்டும்.

5. மரியாதையும் பாதுகாப்பும். பெண் பிள்ளைகள் தங்கும் அறைக்குப் பூட்டு உண்டா? கர்ப்பமானால் வேலையை விட்டுப் போகச் சொல்கிறார்களா? 2018இல் சட்டம் திருத்தப்பட்ட பிறகு, எத்தனையாவது பிள்ளையானாலும் 84 நாள் பிரசவ லீவு உண்டு. படகில் ஏற்றுகிறவர் பாதுகாப்பு அங்கி தருகிறாரா? வேலைக்கு எடுக்கும்போது வயதைக் கேட்கிறாரா? 2021இலிருந்து 16 வயதுக்குக் குறைந்த பிள்ளையை வேலைக்கு வைக்கக் கூடாது. அடையாள அட்டையைக் கேட்டுப் பார்க்கிற முதலாளி சட்டத்தை மதிக்கிறவர். வயதைக் கேட்காமல் “அனுப்பி வைங்க, பாத்துக்கலாம்” என்பவரிடம் எச்சரிக்கையாக இருங்கள்.

ஐந்தும் இருந்தால் முழுப்பேர். மூன்று இருந்தால் அரைப்பேர். எழுத்தும் இல்லை, சேமிப்பும் இல்லை என்றால் சம்பளம் எவ்வளவு கூடுதலாக இருந்தாலும் பேர் போட முடியாது.

கணக்குப் போட்டுப் பார்ப்போம்

இரண்டு தம்பிமார் ஒரே நாளில் கரையோரத்துக்குப் போகிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். மூத்தவருக்கு மாதம் 30,000 ரூபா. எல்லாம் எழுத்தில் இருக்கிறது. இளையவருக்கு 33,000 ரூபா. கையில் காசு, வேறு ஒன்றும் இல்லை. “நான்தான் கெட்டிக்காரன்” என்று இளையவர் சிரிக்கிறார்.

ஐந்து வருடம் கழித்துப் பாருங்கள். மூத்தவருக்காக முதலாளி மாதம் கட்டியது சேமலாப நிதிக்கு 3,600, நம்பிக்கை நிதிக்கு 900, ஆக 4,500 ரூபா. 60 மாதத்துக்கு 270,000 ரூபா. 15 பேருக்குக் குறையாமல் வேலை செய்யும் இடமானால், ஐந்து வருடச் சேவை முடித்து விலகும்போது, மாதச் சம்பளக்காரருக்கு வருடத்துக்கு அரை மாதச் சம்பளம் வீதம் சேவைக்காலப் பணம் உண்டு. இது 1983ஆம் ஆண்டுச் சட்டம். அதில் 75,000 ரூபா. ஆக முதலாளியின் பங்கு மட்டும் 345,000 ரூபா. இதோடு அவர் தன் சம்பளத்திலிருந்தே சேர்த்தது 144,000. மொத்தம் 489,000 ரூபா. வட்டியை நாம் இன்னும் கணக்கில் சேர்க்கவில்லை.

இளையவர் மாதம் 3,000 ரூபா கூடுதலாக வாங்கியது 60 மாதத்துக்கு 180,000 ரூபா. அதுவும் கையில் நின்றிருந்தால்தான். 345,000க்கும் 180,000க்கும் உள்ள வித்தியாசத்தைப் பிள்ளைகளே கழித்துப் பார்க்கட்டும்.

கஷ்ட காலத்தில் தெரியும் குணம்

2018இல் இலங்கைக்கு 23 இலட்சத்துக்கு மேற்பட்ட உல்லாசப் பயணிகள் வந்தார்கள். 2019 ஏப்ரல் 21 குண்டுவெடிப்பு, அடுத்து கொரோனா. 2021இல் வந்தவர்கள் 2 இலட்சத்துக்கும் குறைவு. வேலை இல்லாத ஊழியரை என்ன செய்வது? 2020இல் தொழில் அமைச்சும், முதலாளிமார் சம்மேளனமும், தொழிற்சங்கங்களும் பேசி ஓர் உடன்பாட்டுக்கு வந்தன. அடிப்படைச் சம்பளத்தில் பாதி அல்லது 14,500 ரூபா, இரண்டில் எது கூடுதலோ அதைக் கொடுப்பது என்பதே அது.

இதில் ஒன்றைக் கவனியுங்கள். சம்பளப் பதிவேட்டில் பெயர் உள்ளவர்தான் “எனக்கும் சேரணும்” என்று கேட்க முடியும். கையில் காசு வாங்கியவருக்குக் கேட்க ஆதாரம் இல்லை. சீசன் ஓடும்போது எல்லா முதலாளியும் நல்லவர்தான். கடல் கொந்தளிக்கும் மாதங்களில் ஊழியரை என்ன செய்கிறார் என்று, அங்கே இரண்டு வருடமாவது வேலை செய்த ஒருவரிடம் விசாரியுங்கள்.

சட்டத்துக்கு முன்னே போனவர்கள்

சட்டம் சொல்வதைச் செய்பவர் நல்ல முதலாளி. சட்டம் சொல்லும் முன்னரே செய்பவர் மேலானவர். இந்தியாவின் ஜம்ஷெட்பூரில் டாடா உருக்காலை 1912இலேயே 8 மணி நேர வேலையைக் கொண்டுவந்தது. சேமலாப நிதி 1920இலும் பிரசவ உதவி 1928இலும் வந்தன. இந்திய நாட்டுச் சட்டமாக இவை வந்தது முறையே 1948, 1952, 1961ஆம் ஆண்டுகளில்தான். 1921இல் தொழிலாளருக்குப் பயிற்சி கொடுக்க ஒரு தொழில்நுட்பப் பாடசாலையும் அங்கே திறந்தார்கள்.

அதே ஜம்ஷெட்பூரில் 1920இலும் 1928இலும் பெரிய வேலைநிறுத்தங்கள் நடந்தன. ஆகவே ஒரு முதலாளியைப் பாராட்டுவதால் நாம் வாயை மூடிக்கொள்ள வேண்டும் என்பதில்லை. செய்ததற்குப் பேர் போடுவோம். செய்யாததைக் கேட்போம். இரண்டும் ஒரே செக்ரோலில் வரவேண்டிய கணக்கு.

நாம் செய்யக்கூடியது

நாட்டில் நிறுவனங்களுக்கு விருதுகள் இல்லாமலில்லை. தேசிய உற்பத்தித்திறன் விருது போன்றவை கொடுக்கப்படுகின்றன. அவற்றைப் பெரியவர்கள் தீர்மானிக்கட்டும். லயத்திலிருந்து நாமும் ஒன்று செய்யலாம்.

தோட்டத்து இளைஞர் கழகமோ மாதர் சங்கமோ ஒரு கொப்பி போடட்டும். நம் தோட்டத்துப் பிள்ளைகள் எந்த ஊரில், எந்த இடத்தில் வேலை செய்கிறார்கள், மேலே சொன்ன ஐந்தில் எத்தனை இருக்கிறது என்று எழுதட்டும். காதில் விழுந்த கதையை எழுத வேண்டாம். சம்பளச் சீட்டைப் பார்த்து, பிள்ளையிடம் கேட்டு எழுதுங்கள். வருடத்துக்கு ஒருமுறை, தைப்பொங்கலுக்கு லீவில் பிள்ளைகள் வரும்போது, திருத்தி எழுதுங்கள்.

முழுப்பேர் பெற்றவருக்குச் சங்கத்தின் பெயரில் ஒரு நன்றிக் கடிதம் அனுப்புங்கள். “எங்கள் பிள்ளையின் சேமலாப நிதியை ஒழுங்காகக் கட்டி, தொழிலும் பழக்கிக் கொடுத்தீர்கள், ஐயா” என்று எழுதினால் போதும். அடுத்த பிள்ளை எங்கே போகலாம் என்று கேட்டு வரும் தாய்க்கு அந்தக் கொப்பியைக் காட்டுங்கள். நல்ல ஆட்கள் தேடி வருவதுதான் ஒரு முதலாளிக்குக் கிடைக்கும் பெரிய இலாபம். பேர் இல்லாத இடத்தில் குறை இருந்தால், பக்கத்திலுள்ள தொழில் காரியாலயத்தில் முறைப்பாடு செய்யலாம். சீட்டுகளையும் கடிதத்தையும் கையோடு கொண்டு போங்கள்.

ஹோட்டல் தொழில் படிக்க விரும்பும் பிள்ளைகள் முதலில் சான்றிதழ் எடுத்துக்கொண்டு போவது சிறந்தது. சுற்றுலா ஹோட்டல் முகாமைத்துவ நிறுவனத்துக்குப் பண்டாரவளையிலேயே கிளை உண்டு. தொழிற்பயிற்சி அதிகார சபையின் நிலையங்களிலும் விசாரியுங்கள்.

கூட்டத்தில் பேசுவதற்கு

1. நம் லயத்திலிருந்து வெளியே வேலைக்குப் போன எத்தனை பேரிடம் நியமனக் கடிதம் இருக்கிறது?

2. மாதம் 27,000 ரூபா சம்பளம் வாங்குபவருக்கு முதலாளி சேமலாப நிதிக்கும் நம்பிக்கை நிதிக்கும் எவ்வளவு கட்ட வேண்டும்?

3. நம் தோட்டத்தில் கைத்தொழில் தெரிந்தும் சான்றிதழ் இல்லாதவர்கள் யார் யார்? அவர்களை நைட்டாவுக்கு அழைத்துப்போக யார் முன்வருவார்?

4. கொப்பியை எழுதிப் பாதுகாக்கும் பொறுப்பை யாரிடம் கொடுப்பது?