கூரை மாற்றுவதும் கைக்குழந்தையும்

"என்னங்க, ஆடி பிறந்தாச்சு. கூரையைப் பிரிக்க வேண்டாமா?"

"குறுவை அறுத்துப் பணம் வரட்டும் புள்ளே. ஐப்பசியில பாத்துக்கலாம்."

காவிரிப் பக்கத்து வீடுகளில் வழக்கமான பேச்சுதான் இது. ஆனால் பணம் வரும்போது மழையும் வந்துவிடும். வடகிழக்குப் பருவமழை அக்டோபர் முதல் டிசம்பர் வரை பெய்வது. வீட்டில் கர்ப்பிணியோ கைக்குழந்தையோ இருந்தால் ஆவணிக்குள் வேலையை முடித்துவிடுங்கள்.

மட்டையை ஊறவைத்துத்தான் கீற்றுப் பின்னுகிறோம். பின்னிய கீற்று வெயிலில் நன்றாகக் காய வேண்டும். ஈரத்தோடு வேய்ந்தால் பூஞ்சணம் பிடிக்கும், கீழிருக்கும் மூங்கிலும் கயிறும் சேர்ந்து மக்கும். இளைப்பு உள்ளவர்களுக்கு அந்தப் பூஞ்சணம் ஆகவே ஆகாது. முழுக் கூரைக்கும் கையில் காசு இல்லையா? தாயும் பிள்ளையும் படுக்கும் பக்கத்தையாவது முதலில் வேயுங்கள். முகட்டில் மட்டும் சிக்கனம் பார்க்காதீர்கள்.

பழைய கீற்றில் தேள், பாம்பு இருக்கலாம். பிரிக்கும் அன்று பிள்ளைகளைப் பக்கத்து வீட்டில் விடுங்கள். கர்ப்பிணி ஏணி ஏறுவதோ கீற்றுக்கட்டுத் தூக்குவதோ கூடாது. மாமியார் முணுமுணுத்தாலும் சரி.

பாதி வேலையில் மழை பிடித்துக்கொண்டால்? தார்ப்பாய் ஒன்றை முன்பே வாங்கி வையுங்கள். நனைந்த குழந்தையைத் துடைத்து, உலர்ந்த துணி சுற்றி, நெஞ்சோடு அணைத்துத் தாய்ப்பால் கொடுங்கள். குளிருக்கென்று அறையை மூடிப் புகை போடாதீர்கள். குழந்தை வேகமாக மூச்சு வாங்கினால், விலாவுக்குக் கீழே குழி விழுந்தால், பால் குடிக்க மறுத்தால், "மழை விடட்டும்" என்று காத்திராமல் ஆரம்ப சுகாதார நிலையத்துக்குக் கொண்டுபோங்கள். 108க்குச் சொன்னால் வண்டி வரும்.