பிராந்திய விமான நிலையங்கள்: மத்தளவும் பலாலியும்

"பிராந்திய விமான நிலையமொன்று சிறப்பாக இயங்குவதற்குத் தேவையான காரணிகளை உதாரணம் தந்து விளக்குக." இத்தகைய வினாவுக்கு உங்களிற் பலர் நீண்ட ஓடுபாதை, பரந்த சமநிலம், நவீன கட்டடம் என மூன்றை எழுதிவிட்டு அடுத்த வினாவுக்குப் போய்விடுவீர்கள். இது அரைகுறை விடையே. ஏனெனில் அம்மூன்றும் மத்தளவில் இருந்தன.

அம்பாந்தோட்டை மாவட்டத்தில் மத்தள சர்வதேச விமான நிலையம் 2013 மார்ச் 18 இல் திறக்கப்பட்டது. ஓடுபாதையின் நீளம் 3500 மீற்றர். மிகப் பெரிய விமானமும் இறங்கலாம். ஆண்டுக்குப் பத்து இலட்சம் பயணிகளைக் கையாளத்தக்கதாக அது அமைக்கப்பட்டது. செலவான ஏறத்தாழ 209 மில்லியன் டொலரில் 190 மில்லியன் சீனக் கடன். ஆயினும் 2015 ஜனவரியில் ஸ்ரீலங்கன் விமான சேவை அங்கிருந்து விலகியது. அதே ஆண்டில் சரக்கு மண்டபத்தில் நெல் களஞ்சியப்படுத்தப்பட்டது. 2018 இல் பிளைடுபாய் நிறுவனமும் சேவையை நிறுத்தியது. பின்னர் வந்தவை பெரும்பாலும் பருவகால, விசேட விமானங்களே. (யானைகளும் பறவைகளும் ஓடுபாதைக்கு வருவது வேறு பிரச்சினை. அதை மட்டும் காரணமாக எழுதாதீர்கள்.)

பயணிகள் வராவிட்டாலும் சரக்கையாவது அனுப்பியிருக்கலாமே என்று கேட்பீர்கள். இங்கேதான் கவனிக்க வேண்டும். விமானச் சரக்கில் பெரும்பகுதி, ஏறத்தாழ அரைவாசி, தனிச் சரக்கு விமானங்களில் போவதில்லை. பயணிகள் விமானத்தின் கீழ்த்தளத்தில், உங்கள் பெட்டிகளுக்குப் பக்கத்திலேயே போகிறது. பயணிகள் கட்டணம் செலவின் பெரும்பங்கை ஈடுசெய்வதால், மிகுதி இடத்திற் சரக்கு ஏற்றுவது மலிவு. ஆகவே பயணிகள் விமானம் நின்றால் சரக்குக்கான இடமும் இல்லாமற் போகும். இந்த ஒரு தொடர்பை எழுதினாலே உங்கள் விடை மற்றவர்களின் விடையிலிருந்து வேறுபட்டு நிற்கும்.

அடுத்தது பின்னிலம். பின்னிலம் என்பது ஒரு விமான நிலையத்துக்கு அல்லது துறைமுகத்துக்குப் பயணிகளையும் பொருள்களையும் அனுப்பும் சுற்றுப்பிரதேசம். வான்வழியே செல்பவை பாரம் குறைந்த, பெறுமதி கூடிய அல்லது விரைவிற் பழுதடையும் பொருள்கள்: இரத்தினக்கல், அவசர ஆடைக் கட்டளைகள், புதிய சூரை மீன், மரக்கறி. தென்கரையில் மீன் உண்டு. ஆனால் அனுப்புபவர் பல நாடுகளுக்கு நாளாந்தம் விமானம் உள்ள இடத்தையே நாடுவார், அது கட்டுநாயக்க. 2020 இல் தெற்கு அதிவேகப் பாதை மத்தள வரை நீடிக்கப்பட்டது. பாதை இரு திசைக்கும் திறந்திருக்கும். சரக்கு கட்டுநாயக்கவுக்கு ஓடுவதும் இலகுவாயிற்று.

பலாலியின் நிலை இதற்கு நேர்மாறு. இரண்டாம் உலக யுத்த காலத்தில் பிரித்தானியர் அமைத்த இந்நிலையம் 2019 ஒக்டோபர் 17 இல் யாழ்ப்பாணம் சர்வதேச விமான நிலையமாகத் திறக்கப்பட்டது. நவம்பரில் சென்னைச் சேவை ஆரம்பித்தது. கொவிட் காரணமாக 2020 மார்ச்சில் நின்று, 2022 டிசெம்பர் 12 இல் மீண்டும் தொடங்கியது. வான்வழியே சென்னைக்கு ஏறத்தாழ 350 கிலோமீற்றர்தான். கொழும்புக்குத் தரைவழியே போவதோ அதிலும் தூரம். உறவு, வைத்தியம், யாத்திரை, வியாபாரம் எனப் பயணிகளுக்குக் குறைவில்லை. ஆனால் சேவையிலுள்ளவை எழுபதுக்குச் சற்றுக் கூடிய இருக்கைகள் கொண்ட சிறிய விமானங்கள். சரக்குக்கு இடம் சொற்பம். பெரிய விமானம் இறங்க ஓடுபாதையை நீட்ட வேண்டும்; அதற்கு நிலம் வேண்டும். சுற்றியுள்ள நிலமோ இடம்பெயர்ந்த மக்கள் திரும்பக் கேட்கும் காணி.

ஆக, மத்தளவில் ஓடுபாதை உண்டு, கேள்வி குறைவு. பலாலியிற் கேள்வி உண்டு, ஓடுபாதை போதாது. ஒப்பிடுமாறு கேட்டால் இவ்வாறே தொடங்குங்கள். திறந்த ஆண்டுகளை மாற்றி எழுதிவிடாதீர்கள்.

பயிற்சி வினா: யாழ்ப்பாணத்தின் திராட்சை, மீன், நண்டு ஆகியவற்றுள் எதனைப் பலாலியூடாக அனுப்புவது இலாபகரமானது? பாரம், பெறுமதி, பழுதடையும் வேகம் ஆகிய மூன்றையும் கொண்டு காரணம் காட்டுக.