மார்புப் படத்தில் இதயத்தின் நிழல்

1895-ல் ராண்ட்ஜன் கண்டுபிடித்த எக்ஸ்ரே என்றால் நமக்கு எலும்பு முறிவும் காசநோயும்தான் ஞாபகம் வரும். ஆனால் நண்பர்களே, அதே மார்புப் படம் இதயத்தைப் பற்றியும் சொல்லும்.

படத்தின் நடுவே வெள்ளையாகத் தெரியும் இதய நிழலின் அகலத்தை அளந்து, விலாக்கூட்டின் உள் அகலத்தால் வகுக்க வேண்டும். பெரியவர்களுக்கு 0.5-க்கு மேல் வந்தால் இதயம் பெருத்திருக்கலாம்.

பெட்ரோமாக்ஸ் லைட்டை ஒட்டி நின்றால் சுவரில் நம் நிழல் பூதம் மாதிரி விழும்; சுவரை ஒட்டி நின்றால் நம் அளவுதான். அதனால்தான் நெஞ்சைத் தட்டில் ஒட்டி நிற்கவைத்து, முதுகுக்குப் பின்னால் ஆறடி தள்ளி எக்ஸ்ரே குழாயை வைக்கிறார்கள். இதயம் தட்டிலிருந்து 10 செ.மீ. தள்ளி இருந்தால் 180/170, சுமார் 6 சதவீதம்தான் கூடும். மல்லாக்கப் படுக்கவைத்து 100 செ.மீ. தூரத்தில் எடுத்து, இதயம் 20 செ.மீ. தள்ளி இருந்தால் 100/80, அதாவது 25 சதவீதம்! நல்ல இதயமும் பெரிசாகத் தெரியும். பத்தாம் வகுப்பு வடிவொத்த முக்கோணம்தான், வேறொன்றுமில்லை.

அளவு சரியாக இருந்தால் இரத்தக்குழாயில் அடைப்பு இல்லை என்று அர்த்தமில்லை. குழாயில் படிந்த சுண்ணாம்பைப் பார்க்க சி.டி. ஸ்கேன் வேண்டும்.

என் அம்மா நடவு வேலைக்குப் போகிறவர். மூச்சு வாங்கினால் "வெயில்டா" என்பார். இருமலுக்கு எடுத்த படத்தில் இதயத்தின் இடது ஓரம் குழிவில்லாமல் நேராக இருந்தது. சிறு வயதில் தொண்டைப்புண்ணைத் தொடர்ந்து வரும் ருமாட்டிக் காய்ச்சலால் மைட்ரல் வால்வு சுருங்கினால், இடது மேலறை புடைத்து இப்படித் தெரியுமாம். தஞ்சாவூரில் எக்கோ எடுத்தோம், சுருக்கம்தான். வீட்டில் படித்தவன் நான் ஒருத்தன் என்பதால் படத்தை ஜன்னலில் பிடித்து விளக்கும் வேலை எனக்கு. அம்மா மாத்திரை சாப்பிடுகிறார். நடவுக்குப் போகாதே என்றதில்தான் இன்னும் கோபம்.