மூன்று வாரம் தாண்டினால் மருத்துவரிடம் செல்வோம்



ஒவ்வொரு முறை ஒளுச் செய்யும்போதும் வாய் கொப்பளிக்கிறோம்; மூக்கில் நீர் செலுத்திச் சிந்துகிறோம். ஒரு பக்கம் மட்டும் அடைத்திருக்கிறதா, சளியோடு இரத்தம் வருகிறதா என்பது அப்போதே தெரிந்துவிடும். தெரிந்தும் 'சைனஸ்தான்' என்று மாதக்கணக்கில் விட்டுவிடுவதில்தான் ஆபத்து இருக்கிறது.

மூக்கடைப்பு பெரும்பாலும் சளி, தூசி ஒவ்வாமை, மூக்குத் தண்டு வளைவு, சதை வளர்ச்சி ஆகியவற்றால் வருவது. ஒவ்வாமை அடைப்பு பொதுவாக இரு பக்கமும் இருக்கும். கட்டியோ ஒரு பக்கத்தில்தான் தொடங்கும். எனவே ஒரே பக்கத்தில் தொடர் அடைப்பு, இரத்தக் கசிவு, கன்னம் மரத்துப்போதல் இருந்தால் காது மூக்கு தொண்டை மருத்துவரிடம் காட்ட வேண்டும். குழந்தைக்கு ஒரு பக்கம் மட்டும் நாற்றத்துடன் சளி வந்தால், மணியோ புளியங்கொட்டையோ சிக்கியிருக்கலாம், வீட்டில் நோண்டாதீர்கள். சர்க்கரை நோயாளிக்கு முகவலி, வீக்கத்துடன் மூக்கில் கறுப்புப் பொருக்கு கண்டால் அன்றே மருத்துவமனை செல்லுங்கள். 2021-இல் பரவலாகப் பேசப்பட்ட கரும்பூஞ்சையின் அறிகுறி அது.

தொண்டைக்கு மூன்று வாரக் கணக்கு உண்டு. குரல் கம்மல், விழுங்கும்போது வலி, ஆறாத வாய்ப்புண், கழுத்தில் கட்டி ஆகியவற்றில் எதுவும் மூன்று வாரத்துக்கு மேல் நீடித்தால் பரிசோதனை அவசியம். குரல்நாணில் தோன்றும் புற்றுநோயைத் தொடக்கத்திலேயே கண்டால் பெரும்பாலோர் குணமடைகிறார்கள், குரலும் தப்புகிறது. முற்றிவிட்டால் குரல்வளையையே அகற்ற நேரிடலாம்.

பீடி, சிகரெட், புகையிலை, பாக்கு ஆகியவையே முதல் காரணங்கள். குட்காவுக்குத் தமிழக அரசு 2013-இல் தடை விதித்தும், தூக்கம் கலைய அதை வாயில் அடக்கும் லாரி ஓட்டுநர்கள் இன்னும் இருக்கிறார்கள். நாமக்கல், திருச்செங்கோடு லாரி பாடி கட்டும் பட்டறைகளிலும் தச்சுப் பட்டறைகளிலும் மரத்தூளை ஆண்டுக்கணக்கில் சுவாசிப்பவர்களுக்கு மூக்கு, சைனஸ் புற்றுநோய் வரலாம் என்பது உலக அளவில் உறுதியான உண்மை. அறுக்கும்போதும் இழைக்கும்போதும் தூசியைத் தடுக்கும் முகக்கவசம் கட்டாயம் வேண்டும்.

'கத்தி வைத்தால் பரவிவிடும்' என்று பயாப்சிக்கு அஞ்சுவோர் பலர். சிறு துளி சதை எடுத்துச் சோதிப்பதால் நோய் முற்றாது. சோதிக்காமல் காலம் கடத்தினால்தான் முற்றும். வெற்றிலையுடன் புகையிலை போடும் நம் வீட்டுப் பெரியம்மாக்களும் பாட்டிமார்களும் வாய்ப்புண்ணை வெளியில் சொல்வதில்லை. பிள்ளைகள்தாம் கேட்டறிந்து அழைத்துச் செல்ல வேண்டும்.

சேலம் அரசு மோகன் குமாரமங்கலம் மருத்துவக் கல்லூரி மருத்துவமனையிலும், நாமக்கல் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையிலும் பரிசோதித்துக்கொள்ளலாம். ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாய்க்குள் உள்ள குடும்பங்களுக்கு முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டம் உண்டு. ரேஷன் அட்டை, ஆதார், வருமானச் சான்று ஆகியவற்றை வைத்து, நலமாக இருக்கும்போதே காப்பீட்டு அட்டை வாங்கிவிடுங்கள். நோய் வந்தபின் அலைவது இரட்டைத் துன்பம்.

நோயைத் தருபவனும் ஷிஃபா அளிப்பவனும் அல்லாஹ்வே. காலத்தோடு மருத்துவம் செய்துகொள்வது நம் கடமை. இன்று இரவு உணவுக்கு அமரும்போது, 'யாருக்காவது குரல் கம்மல், ஆறாத புண் இருக்கிறதா?' என்று வீட்டில் ஒருமுறை கேட்டுப்பாருங்கள்.