அசையாத முதலை, அசராத நம்பிக்கைகள்

செஞ்சிக் கோட்டையின் அகழியருகே குழந்தைகள் நின்றால் ஒரு கேள்வி தவறாமல் எழும்: "இதுல முதலை இருந்துச்சா?" கூட வந்த பெரியவர் விட்டுக்கொடுக்க மாட்டார். "இல்லாமலா? எதிரி கால வச்சா ஒரே முழுங்குதான்!"

கோடை விடுமுறையில் அதே குடும்பம் திருவண்ணாமலையைத் தாண்டிச் சாத்தனூர் அணையின் முதலைப் பண்ணைக்கோ, கிழக்குக் கடற்கரைச் சாலையிலுள்ள வடநெம்மேலி முதலைப் பண்ணைக்கோ போகிறது. அங்கே கரையோரம் கட்டைபோல் கிடக்கும் முதலைகளைப் பார்த்ததும் பிள்ளைகளின் முகம் வாடிவிடுகிறது. கதையில் பாய்ந்த முதலை எங்கே, இது எங்கே?

நம்பிக்கை: செஞ்சியைக் காத்தது அகழி முதலைதான்.

உண்மை: மக்கர் எனப்படும் சதுப்புநில முதலை ஆறு, ஏரி, குளம் என எந்த நன்னீரிலும் வாழும், அகழியும் அதற்கு ஒத்துவரும். அந்த அளவில் கதை நடக்கக்கூடியதுதான். ஆனால் முகலாயப் படையை 1690 முதல் 1698 வரை வெளியே நிறுத்தி வைத்தது முதலை அல்ல. ராஜகிரி, கிருஷ்ணகிரி, சந்திரகிரி ஆகிய மூன்று குன்றுகளும் அவற்றை வளைத்துக் கட்டிய மதிலும்தான். ராஜகிரி உச்சிக்குச் சற்றுக் கீழே ஆழமான பாறைப் பிளவு ஒன்று உண்டு. அதன் மேலிருந்த பாலத்தை எடுத்துவிட்டால், ஒரு சிலரே உச்சியைக் காத்துவிடலாம்.

நம்பிக்கை: அசையாமல் கிடந்தால் செத்தது, இல்லாவிட்டால் பொம்மை. ஒரு கல்லை விட்டெறிந்தால் தெரிந்துவிடும்.

உண்மை: முதலை தன் உடம்புச் சூட்டை வெயிலிலிருந்து வாங்கிக்கொள்கிறது. நம்மைப்போல் தின்ற சோற்றை எரித்து உடம்பைச் சூடாக வைத்துக்கொள்ளும் வேலை அதற்கில்லை. அதனால் குறைந்த தீனியில் நாட்களைக் கடத்தும், வீணாக அசையாது. வாயைப் பிளந்து கிடப்பது பசியாலும் அல்ல, கோபத்தாலும் அல்ல. பெரும்பாலும் சூட்டைத் தணித்துக்கொள்ளத்தான்.

அசையாமல் கிடப்பதால் அறிவில்லை என்றும் நினைக்க வேண்டாம். வடநெம்மேலியில் மரங்களில் கொக்குகள் கூடு கட்டும் காலத்தில், மக்கர் முதலைகள் மூக்கின்மேல் சுள்ளிகளைத் தாங்கியபடி நீரில் கிடந்ததை ஆய்வாளர்கள் கவனித்து, 2013இல் அதைப் பற்றி எழுதினார்கள். கூட்டுக்குச் சுள்ளி தேடி வரும் பறவைக்கு விரித்த வலை என்பது அவர்கள் கருத்து. வலையா, தற்செயலா என்ற விவாதம் இன்னும் ஓயவில்லை.

நம்பிக்கை: முதலைக் கண்ணீர் வெறும் நடிப்பு.

உண்மை: கண்ணீர் நிஜம், நடிப்புதான் நம் கற்பனை. அமெரிக்காவில் முதலையின் உறவினங்களான அலிகேட்டர், கெய்மன் வகைகளில் ஏழு விலங்குகள் தின்னும்போது அவற்றை ஆய்வாளர்கள் கவனித்தார்கள். ஐந்தின் கண்கள் கசிந்தன. 2007இல் வெளியான அந்த ஆய்வு, தின்னும்போது சீறும் காற்று கண்ணீரைத் தள்ளியிருக்கலாம் என்றது. இதில் துக்கமும் இல்லை, பாசாங்கும் இல்லை.

நம்பிக்கை: முதலைப் பிடி என்றால் பிடிதான், அந்த வாய்க்கு இரக்கம் கிடையாது.

உண்மை: கடிக்கும் தசை அசுர பலம் கொண்டது. திறக்கும் தசையோ அவ்வளவு நோஞ்சான். பிடிபட்ட முதலையின் வாயைக் கட்ட ஒரு கயிறு போதும். பொரிக்கும் நேரத்தில் முட்டைக்குள்ளிருந்து குஞ்சுகள் குரல் கொடுக்கும். தாய் மண்ணைத் தோண்டி, குஞ்சுகளை அதே வாயில் ஏந்தித் தண்ணீரில் கொண்டுபோய் விடும். மக்கர் இனத்தில் தந்தையும் இந்த வேலையைச் செய்வதை வடநெம்மேலியில் பதிவு செய்திருக்கிறார்கள்.

குஞ்சு ஆணா, பெண்ணா என்பதை முடிவு செய்வதும் கூட்டின் சூடுதான். 28 முதல் 31 டிகிரி செல்சியஸ் வரை பெண், 32.5 டிகிரியை ஒட்டி ஆண்.

நம்பிக்கை: பண்ணை என்றால் தோலுக்காக வளர்ப்பதுதானே?

உண்மை: கோழிப் பண்ணையைப் பார்த்துப் பழகிய கண்ணுக்கு அப்படித் தோன்றுவது இயல்பு. ஆனால் 1972ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் முதலைகள் இருக்கின்றன; தோல் வணிகத்துக்கு இடமே இல்லை. தோலுக்காகவும் முட்டைக்காகவும் வேட்டையாடப்பட்டு இனம் அருகி வந்த காலத்தில்தான் மத்திய அரசு 1975இல் முதலைப் பாதுகாப்புத் திட்டத்தைத் தொடங்கியது. மறு ஆண்டே ஊர்வன ஆய்வாளர் ரோமுலஸ் விட்டேகர் வடநெம்மேலிப் பண்ணையை நிறுவினார். இனத்தைப் பெருக்கிக் காப்பதே நோக்கம்.

அடுத்த முறை சாத்தனூருக்குப் போகிறவர்கள் ஒரே முதலையைப் பத்து நிமிடம் பார்த்துக்கொண்டிருங்கள். கண்ணின்மேல் கண்ணாடிபோல் ஒரு சவ்வு குறுக்கே ஓடி மறையும். அது உயிரோடிருக்கிறதா என்ற சந்தேகம் அங்கேயே தீர்ந்துவிடும். கையிலிருக்கும் கல்லைக் கீழே போட்டுவிடுங்கள். உயிரியல் பூங்காவில் விலங்குகளைச் சீண்டுவதும், அவற்றுக்குத் தீனி போடுவதும், அங்கே குப்பை போடுவதும் அதே சட்டத்தின் 38ஜே பிரிவின்படி குற்றம்.