கழுவும் கைகளைக் காத்தல்

முன்னுரை

மழைக்குப் பேர்பெற்ற ஊர் வால்பாறை. ஆழியாற்றங்கரையிலிருந்து நாற்பது கொண்டையூசி வளைவுகளைக் கடந்து மேலேறினால், கடல் மட்டத்திலிருந்து ஏறத்தாழ 3,500 அடி உயரத்தில் தேயிலைத் தோட்டங்கள் விரிகின்றன. அருகிலுள்ள சின்னக்கல்லாறு தமிழகத்தில் மிகுதியான மழை பெறும் இடங்களுள் ஒன்று. இவ்வாறு நீர்வளம் நிறைந்த மலையில் வாழும் பெண்கள், கை வறண்டு வெடித்துவிட்டது என்று வருந்துவது கேட்பவர்க்கு முரணாகத் தோன்றும். ஈரம் மாறாத ஊரில் கை ஏன் வறள வேண்டும்? இவ்வினாவிற்கு விடை காண்பதும், வெடித்த கைக்கு எளிய தீர்வுகளைக் கூறுவதும் இக்கட்டுரையின் நோக்கமாகும்.

கைவெடிப்பை அழகுக்குறை என்று கருதி ஒதுக்குவோர் பலர். அது பிழையான எண்ணம். வெடித்த கையில் சோப்பு பட்டால் எரியும். எரிச்சலுக்கு அஞ்சுபவர் கை கழுவுவதைக் குறைத்துக்கொள்வார். அவர் குழந்தைகளைப் பேணும் ஆயாவாகவோ, மருத்துவமனைச் செவிலியாகவோ, பலருக்கு உணவு சமைப்பவராகவோ இருப்பின், அதன் தீமை அவரோடு நின்றுவிடுவதில்லை. ஆகவே, கழுவும் கையைக் காப்பது கழுவும் வழக்கத்தையே காப்பதாகும்.

தோலின் அமைப்பு

நம் தோலின் மேற்புறப் படலத்தைச் செங்கற் சுவருக்கு ஒப்பிடுவது அறிவியலார் மரபு. உயிரற்ற தட்டையான செல்கள் செங்கற்கள்; அவற்றிற்கு இடையே பரவியுள்ள கொழுப்புப் பொருள்கள் சாந்து. உடலின் நீர் வெளியே ஆவியாகாமலும், வெளியிலுள்ள நச்சும் கிருமியும் உள்ளே புகாமலும் இச்சுவர் தடுக்கிறது. சாந்து கரைந்த சுவர் எவ்வாறு மழைக்கும் காற்றுக்கும் இடங்கொடுக்குமோ, அவ்வாறே கொழுப்பு நீங்கிய தோலும் நீரை இழந்து, சுருங்கி, வெடிக்கிறது.

உள்ளங்கைக்கு மற்றொரு குறையும் உண்டு. அங்கே வியர்வைச் சுரப்பிகள் மிகுதி. எண்ணெய்ச் சுரப்பிகளோ அறவே இல்லை. முகத்தில் போன எண்ணெய் தானே ஊறிவிடும். உள்ளங்கையில் அவ்வாறு ஊறுவதற்கு வழியில்லை. புறங்கையின் தோலோ மெல்லியது. விரல் மடக்கும்போதெல்லாம் கணுக்களின் மேல் அது இழுபடுகிறது. கைவெடிப்பு பெரும்பாலும் விரற்கணுவிலும், விரல் நுனியிலும், விரலிடுக்கிலும் தோன்றுவதற்கு இவையே காரணங்களாம்.

கழுவுதல் செய்யும் வேலை

சோப்பின் இயல்பு கொழுப்பைப் பிரித்து நீரோடு போக்குவது. பாத்திரத்தின் பிசுக்கு எது, தோலின் சாந்து எது என்று அதற்கு வேறுபாடு தெரியாது. மேலும் தோலின் மேற்பரப்பு சிறிதளவு அமிலத் தன்மை உடையது, அதன் பி.எச். மதிப்பு ஏறத்தாழ 5. வழக்கமான சோப்பின் மதிப்போ 9 முதல் 10 வரை. ஒருமுறை கழுவினால் தோல் சில மணி நேரத்தில் தன் நிலையை மீட்டுக்கொள்ளும். மீட்பதற்கு முன்பே மீண்டும் மீண்டும் கழுவினால் இழப்பே மிஞ்சும்.

சோப்பில்லாத வெறுநீரும் முற்றிலும் தீங்கற்றதன்று. நெடுநேரம் நீரில் ஊறிய தோல் உப்பித் தளர்கிறது. உலரும்போது, தன்னிடமிருந்த ஈரத்தையும் சேர்த்து இழக்கிறது. நனைவதும் உலர்வதும் மாறிமாறி நிகழ நிகழத் தோல் வலுவிழக்கிறது. நீரே வறட்சிக்குக் காரணமாவது இவ்வாறுதான். ஜெர்மானியத் தொழிற்பாதுகாப்பு விதிகள், நாளில் இரண்டு மணி நேரத்திற்கு மேல் கை நனைந்திருப்பதையோ, இருபது முறைக்கு மேல் கை கழுவுவதையோ 'ஈரப்பணி' எனத் தனியே வரையறுத்துக் காப்பு முறைகளைக் கூறின. வீட்டு வேலை செய்யும் எத்தனையோ தாய்மார்கள் இவ்வரையறையைக் காலை உணவு வேளைக்குள்ளேயே தொட்டுவிடுவர் என்பது எண்ணிப் பார்க்கத்தக்கது.

வால்பாறையின் நிலை

தென்மேற்குப் பருவமழை தொடங்கியபின் தோட்டங்களில் கொழுந்து பறிப்போரின் கைகள் நாள்முழுதும் நனைந்தே இருக்கும். கத்தரியும் எந்திரமும் வந்துவிட்ட போதிலும் கைக்கு ஓய்வு முழுமையாகக் கிடைத்துவிடவில்லை. தேயிலைச் சாறு காற்றுப்பட்டுக் கறுத்து விரல்களில் கறையாகப் படிகிறது. அதனைப் போக்கத் துணி துவைக்கும் தூளையும் எலுமிச்சையையும் நாடுவோர் உண்டு. வீடு திரும்பியபின் சமையல், பாத்திரம், துணி என மீண்டும் நீரும் சோப்பும். இரவுக் குளிருக்கு அடுப்பங்கரையில் கை காய்தல் வேறு. மார்கழி, தை மாதங்களில் காற்றும் ஈரமிழந்து நிற்கும். இத்தனையும் ஒரே கையின்மீது அடுத்தடுத்து நிகழ்கின்றன.

1951ஆம் ஆண்டின் தோட்டத் தொழிலாளர் சட்டம், ஐம்பது அல்லது அதற்கு மேற்பட்ட பெண்கள் பணிபுரியும் தோட்டங்களில் குழந்தைகள் காப்பகம் அமைக்க வகைசெய்தது. மழையிலிருந்தும் குளிரிலிருந்தும் தொழிலாளரைக் காக்க அச்சட்டத்தின் 17ஆம் பிரிவு பெயர்சொல்லிக் குறித்த பொருள்கள் குடை, கம்பளி, மழைக்கோட்டு என்பன. கைக்குரிய காப்பு எதனையும் அது பெயர்சொல்லிக் குறிக்கவில்லை. தலையும் உடலும் நனையாமற் காக்க எண்ணிய சட்டத்திற்கும் கை நினைவுக்கு வரவில்லை. நாளும் பல குழந்தைகளைக் கழுவித் துடைத்து ஊட்டும் காப்பக ஆயாவின் கைகளும் அத்தகைய மறதிக்கு உரியனவே.

செவிலியின் கையும் கையுறையும்

திருவள்ளுவர் 'மருந்து' அதிகாரத்தில் மருத்துவத்தை நோயாளி, மருத்துவர், மருந்து, அருகிருந்து துணைசெய்பவர் என நான்கு கூறாகப் பகுத்தார். நான்காமவருக்கும் சமமான இடமளித்தமை சிறப்பாக நோக்கத்தக்கது. நோயாளியைத் தொட்டுத் துடைத்துக் கழுவும் கை அவருடையதே.

1847இல் வியன்னா நகரப் பொது மருத்துவமனையில் இக்னாஸ் செம்மல்வெய்ஸ் என்னும் மருத்துவர், மகப்பேற்றுப் பிரிவில் பணிபுரிவோர் குளோரின் கலந்த சுண்ணக் கரைசலில் கை கழுவ வேண்டுமென ஆணையிட்டார். சில மாதங்களிலேயே தாய்மார்களின் இறப்பு பெருமளவு குறைந்தது. கை கழுவுதலின் பெருமை அன்று விளங்கியது. கழுவும் கை படும் துன்பமோ பின்னரே வெளிப்பட்டது.

1889-90ஆம் ஆண்டுக் குளிர்காலத்தில் அமெரிக்காவின் பால்டிமோர் நகரில், ஜான்ஸ் ஹாப்கின்ஸ் மருத்துவமனையின் அறுவை அறைச் செவிலியாக இருந்த கரோலின் ஹாம்ப்டனின் கைகள் கிருமிநீக்கியாகப் பயன்பட்ட ரசக் குளோரைடு கரைசலால் புண்பட்டன. அறுவை மருத்துவர் வில்லியம் ஹால்ஸ்டெட், அவருக்காக மெல்லிய ரப்பர்க் கையுறைகளைச் செய்து தருமாறு குட்இயர் ரப்பர் நிறுவனத்தைக் கேட்டுக்கொண்டார். அம்மருத்துவமனையில் கையுறை வழக்கம் இவ்வாறே தொடங்கியது. நோயாளியைக் காக்க அன்று; செவிலியின் கையைக் காக்கவே அது முதலில் வந்தது. பின்னர் அதுவே அறுவைப் புண்ணில் கிருமி புகாமல் நோயாளியையும் காத்தது. துணைசெய்பவரின் கையைப் பேணுவது பிறர்க்கும் நலமாக முடியும் என்பதற்கு இதனினும் தெளிவான சான்று வேண்டுவதில்லை.

தீர்வுகள்

கழுவுவதை விடுவது தீர்வாகாது. கழுவும் முறையை மாற்றுவதே தீர்வு. முதலாவது, நீரின் சூடு. குளிர் மலையில் வாழ்வோர் சுடுநீரை விரும்புவது இயல்பு. எனினும் சுடுநீர் தோலின் கொழுப்பை மிகுதியாகக் கரைக்கும். வெதுவெதுப்பான நீர் போதும். இரண்டாவது, சோப்பு. துணி துவைக்கும் கட்டியும் தூளும் கைக்குரியன அல்ல. குளியல் சோப்பைச் சிறிதளவே எடுத்து, கழிப்பறைக்குச் சென்று வந்தபின்னும், உண்பதற்கு முன்னும், குழந்தையையோ நோயாளியையோ தொடும் முன்னும் பின்னும் தவறாது கழுவ வேண்டும். மோதிரத்தைக் கழற்றிக் கழுவுதல் நன்று. அதனடியில் தங்கும் சோப்பே பலருக்குப் புண்ணின் தொடக்கமாகிறது. தொழுகைக்கு ஒளு செய்வோர் நீரை மட்டுமே பயன்படுத்துவதால் அங்குச் சோப்பின் தீங்கு இல்லை; ஆயினும் கழுவியபின் பேணும் முறை அவர்களுக்கும் பொருந்தும்.

மூன்றாவது, துடைத்தல். கையை உதறிவிட்டுக் காற்றில் காயவிடுவதும், அனலில் காட்டுவதும் தகாது. மென்துணியால் ஒற்றி, விரலிடுக்கு வரை துடைக்க வேண்டும்.

நான்காவதும் தலையாயதுமான தீர்வு எண்ணெய்ப் பூச்சு. துடைத்தவுடன், தோலில் சிறிது ஈரம் எஞ்சியிருக்கும்போதே பூச வேண்டும். எண்ணெய் நீரைத் தருவதில்லை. இருக்கும் நீரைப் போகாமல் அடைக்கிறது. காய்ந்த கையில் பூசினால் அடைப்பதற்கு நீர் இராது. பலர் எண்ணெய் பூசியும் பயனில்லை என்பதற்குக் காரணம் இக்காலத் தவறே. மலையடிவாரத்துப் பொள்ளாச்சித் தோப்புகளின் தேங்காயெண்ணெயே போதுமானது. வறண்ட தோலுடைய 34 பேரிடம் பிலிப்பைன்ஸ் நாட்டில் நடத்தப்பெற்று 2004இல் வெளியான ஆய்வு, தேங்காயெண்ணெய் கனிம எண்ணெய்க்கு இணையாகப் பயன் தருவதைக் காட்டியது. ஆழ்ந்த வெடிப்புக்கு அதனினும் தடிப்பான பூச்சு வேண்டும். 1872இல் ராபர்ட் செஸ்பரோ காப்புரிமை பெற்ற 'வாசலின்' என்னும் பெட்ரோலியக் களிம்பு விலை மலிந்தது, மணமற்றது, வெடித்த இடத்திலும் எரியாது. சித்த மருத்துவத்தில் வழங்கும் குங்கிலிய வெண்ணெயும் வெடிப்புக்குப் பூசப்படுவதே. கிளிசரினைப் பூச விரும்புவோர் நீர் கலந்து பூசுதல் வேண்டும்.

இரவில் உறங்குமுன் களிம்பைத் தடிப்பாகப் பூசிப் பழைய பருத்திக் காலுறையைக் கையில் அணிந்து உறங்கலாம். சில நாள்களிலேயே வேறுபாடு தெரியும். தோல் ஆறியதுபோல் தோன்றியபின்னும் சில வாரங்கள் பூச்சைத் தொடர வேண்டும். உள்ளே சுவர் முழுமையாக எழக் காலம் பிடிக்கும்.

பாத்திரம், துணி கழுவும்போது ரப்பர்க் கையுறை அணிவது நலம். அதனுள்ளே பருத்திக் கையுறை அணிந்தால் வியர்வை தேங்காது. ஈரக் கையோடு அணிவதும், நெடுநேரம் கழற்றாதிருப்பதும் கேடு. மருத்துவமனைப் பணியாளர்க்கு, கையில் கண்ணுக்குத் தெரியும் அழுக்கு இல்லாதபோது ஆல்கஹால் கலந்த கைத்தேய்ப்பு சோப்பைவிடத் தோலுக்கு ஏற்றது என்பது உலக சுகாதார நிறுவனம் 2009இல் வெளியிட்ட நெறிமுறைகளின் கருத்து. அந்நிறுவனம் வகுத்த கலவையில் கிளிசரினும் சேர்க்கப்பட்டுள்ளது. வெடித்த கையில் அது எரியும் என்பதால் பலர் அதனையே பகையாக எண்ணுவர். எரிச்சல் வெடிப்பைக் காட்டும் அடையாளமே அன்றி, வெடிப்புக்கு முதற்காரணம் அன்று.

எலுமிச்சைச் சாறு, சலவைத் தூள், மண்ணெண்ணெய், கொதிக்கும் மெழுகு ஆகியவற்றைக் கையில் இடுதல் கூடாது. தேயிலைக் கறை தோலின் மேற்படலத்தோடு தானே உதிர்ந்துவிடும். கறையைப் போக்கத் தோலைப் போக்குதல் அறிவுடைமை ஆகாது.

மருத்துவரை நாடவேண்டிய நிலை

சீழ் பிடித்தல், சிவந்து வீங்குதல், காய்ச்சல், நீர்க் கொப்புளம் ஆகியவை தோன்றினால் வீட்டு வைத்தியத்தை நிறுத்த வேண்டும். ஒரு கையில் மட்டும் செதில் உதிர்ந்தால் அது பூஞ்சை நோயாக இருக்கலாம். வெடிப்பு இருந்தும் வலி தெரியாமல் மரத்துப்போயிருப்பது தொழுநோயின் அறிகுறியாகவும் இருத்தல் கூடும். அது மருந்தால் முற்றிலும் குணமாகும் நோயாதலின் மறைக்க வேண்டுவதில்லை. நீரிழிவு உடையோர் சிறு வெடிப்பையும் பொருட்படுத்த வேண்டும். மருந்துக் கடையில் தாமே கேட்டு வாங்கும் ஸ்டீராய்டு கலந்த களிம்புகள் முதலில் நலம் தருவன போலத் தோன்றி, நாளடைவில் தோலை மெலியச் செய்யும். மருத்துவர் அறிவுரையின்றி அவற்றைப் பூசுதல் ஆகாது.

முடிவுரை

2020இல் கொரோனாத் தொற்று பரவியபோது, கை கழுவுமாறு நாடெங்கும் அறிவுறுத்தப்பட்டது. கழுவியபின் கையை எவ்வாறு பேணுவது என்பது அத்துணை உரக்கச் சொல்லப்படவில்லை. பாதி பாடம் கற்பித்தால் பயனும் பாதியே. சோப்பு வைக்கும் இடந்தோறும் அதனருகே ஒரு சிமிழ் களிம்பும் ஒரு தூய துணியும் வைக்க வேண்டும். குழந்தைகள் காப்பகத்திலும், மருத்துவமனையிலும், சத்துணவுக் கூடத்திலும் அவை ஒப்பனைப் பொருள்களாக அன்றிப் பணிக்கருவிகளாகவே வழங்கப்பெறல் வேண்டும். மண்வெட்டிக்குக் காம்பு மாட்டித் தருபவர், கழுவும் கைக்கு எண்ணெய் தருவதைச் செலவென்று கருதலாகாது. பிறர் நோயைத் தடுக்கும் கைகள் தாம் நோவின்றி இருத்தல் அவற்றின் உரிமையாகும்.